செல்லக்காசுக்கு ஒரு சீலை

கண்ணாடிப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று ஜோதிமேரி படுக்கையில் விழுந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நோய் ஒன்றும் இல்லை. வயிற்றில் ஐந்து மாதம், அவ்வளவுதான். ஆனால் இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. முதலாவது நாலாம் மாதத்தில், கருவாட்டுக் கூடையோடு உச்சிப்புளிச் சந்தைக்கு நடந்த வழியில். இரண்டாவது ஆறாம் மாதத்தில், இதனால்தான் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லாமல். மூன்றாவது முறை நாள் தள்ளிப்போன செய்தி கேட்டதும் அவளுடைய அம்மா மிக்கேலம்மாள், வேதாளையில் மீன் உப்புப் போடுகிற தாழிகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, மகள் வீட்டோடு வந்து தங்கிவிட்டாள்.

மருத்துவச்சி சோணையம்மாள் வந்து பார்த்தாள். கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டை இரண்டு கடல்பாறைக் கற்கள் வைத்து உயர்த்தி, தலைமாட்டைத் தாழ்வாக விட்டாள்.

"பிள்ளை வெளிய வார வரைக்கும் இந்தக் கட்டில்தான் உனக்கு ஊரு, ஆத்தா. கொல்லைக்குப் போக மட்டும் எந்திரி. அதுவும் அம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

ஜோதிமேரிக்கு வேலை செய்யத் தெரியும், படுத்திருக்கத் தெரியாது. ஏழு வயதில் நெத்திலி காயப்போடக் கற்றவள். தோணி கரையேறும் முன்னால் கடற்கரையில் நிற்பாள். மீனைக் கீறி, உப்பை அப்பி, மணலில் பரப்பி, காக்கை விரட்டி, உச்சி வெயிலில் திருப்பிப்போட்டு, பொழுது சாய்வதற்குள் கட்டி முடிப்பாள். இப்போது பகல் முழுவதும் ஓலைக் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். வெளியே ஆடிக் காற்று மணலை அள்ளி அள்ளிச் சுவரில் எறிந்தது. வயிற்றுக்குள் அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம்.

அவள் புருஷன் கில்பர்ட் மண்டபத்தில் ஒரு சர்க்கார் அதிகாரி வீட்டில் சமையல்காரன். மீன்களைப் பற்றி ஆராய்கிறவர் அந்த அதிகாரி, மலையாளத்துக்காரர். ஆபீசில் பார்க்கிற மீன் போதாதென்று வீட்டுக் கூடத்திலும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் மீன் வளர்த்தார். அவருக்குக் கோழிக்கோட்டுக்கு மாற்றல் வந்தது. பெட்டியை ரயிலில் ஏற்றினால் சில்லுச் சில்லாகத்தான் இறங்கும் என்பதால், தினமும் அதற்குத் தீனி போட்டுவந்த கில்பர்ட்டுக்கே கொடுத்துவிட்டார். அவருக்குப் பின் வந்த அதிகாரி சைவம். கத்திரிக்காயும் அவரைக்காயுமாக நறுக்கிக்கொண்டிருந்த கில்பர்ட்டுக்கு இப்போது மீனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பெட்டியை உட்காரவைத்து, கூடவே நடந்து வந்து சேர்ந்தான். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி. மீன்கள் தனியாக ஒரு மண்பானையில் வந்தன. மொத்தம் ஆறு. உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டமான தட்டை மீன்; மஞ்சள் உடம்பில் செம்புள்ளி வரிசை, விலாவில் மை வைத்தது போல ஒரு கறுப்புப் பொட்டு. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற கழியில் கிடைப்பது. காசு போல இருப்பதால் செல்லக்காசு என்பார்கள். முள் அதிகம், சதை குறைவு என்று குழம்புக்குக்கூட வேறு மீன் இல்லாத நாளில்தான் எடுப்பார்கள்.

மிக்கேலம்மாள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆறு மீனை வைத்து என்ன குழம்பு வைப்பது, ஒரு ஆளுக்கே காணாதே என்றாள். இது சமைக்க அல்ல, பார்க்க என்று மருமகன் விளக்கினான்.

"பாக்கவா? நம்ம சனம் கண்ணு முழிச்சதுலேருந்து மீனைத்தான மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்" என்றாள் அவள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கல் அடுக்கி அதன்மேல் பெட்டியை வைத்தான். சரிந்து படுத்திருந்த ஜோதிமேரிக்குப் பெட்டியில் தண்ணீரும் சரிந்து நிற்பது போலத் தெரிந்தது. மீன்கள் ஒரு மேட்டில் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்குவது போல நீந்தின. பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அவள் கூரையைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்தாள்.

மறுநாள் காலை ஒரு மீன் செத்து மிதந்தது. மற்ற ஐந்தும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தன. கில்பர்ட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜோதிமேரி ஒரு கரண்டியில் பெட்டித் தண்ணீரை எடுத்துவரச் சொன்னாள். நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, இது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டாள். கோவில் கிணறு என்றான் அவன்.

"அதான். இது குடிக்கிற தண்ணி. கழித் தண்ணி இப்படியா இருக்கும்? கஞ்சியில உப்புப் போட மறந்துட்டு, பாதி குடிக்கும்போது நெனப்பு வந்து ஒரு கல்லுப் போட்டா எப்படி இருக்கும், அப்படி இருக்கணும். சின்னப் பிள்ளையில எத்தன தடவை அங்கன முங்கிக் குடிச்சிருக்கேன்."

ஒரு குடம் கடல் தண்ணீர் வந்தது. ஒரேயடியாக ஊற்றாமல், காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு என்று இரண்டு நாள் ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு கரண்டி வரும். இன்னும் ஒரு கல் உப்பு வேண்டும் என்பான் கில்பர்ட், சமையல்காரன் நாக்கு. போதும் என்பாள் அவள், உப்புப் போட்டு வளர்ந்த நாக்கு. புருஷனும் பெண்சாதியும் மாறி மாறி மீன் நீந்துகிற தண்ணீரைக் குடித்துப் பார்த்து வழக்காடுவதைக் கண்ட மிக்கேலம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன. தூவிய கூனி இறால் பொடியை வந்து வந்து கொத்தின. அன்று ஜோதிமேரி இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மீன்பிடிக்கிற ஊரில் மீனை வேடிக்கை பார்க்க ஒரு வீடு இருக்கிறது என்றால் சனம் சும்மா இருக்குமா? முதல் வாரம் தெருவே வந்தது. இரண்டாம் வாரம் அடுத்த தெரு. வலையில் ஆயிரம் மீனைப் பார்த்தவர்கள், மீன் கொட்டாவி விடுவதை இங்கேதான் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா போவதில்லை. கட்டிலில் ஒருத்தி கிடக்கிறாளே, அவளிடம் நாலு வார்த்தை பேச வேண்டாமா? ஒருத்திக்கு அவள் நாத்தனாருக்கு ஏழாம் மாதத்தில் போனது ஞாபகம் வரும். இன்னொருத்தி, இரண்டு போனால் மூன்றாவதும் போகும் என்று தன் மாமியார் சொல்வதைச் சொல்லி, ஆனால் நீ கவலைப்படாதே என்று முடிப்பாள்.

இவர்களில் தலையானவள் பக்கத்து வீட்டு ஆப்பக்காரி பஞ்சம்மாள். நல்ல மனசு. தினமும் விடிந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றி இரண்டு ஆப்பம் கொண்டுவருவாள், அதற்குக் காசு பேச்சே எடுக்க மாட்டாள். ஆனால் அவள் வாய்க்குக் கதவு கிடையாது. சாவிக்கொத்தால் கண்ணாடியைத் தட்டி மீன் மிரண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரித்தபடியே, ஊரில் யார் யாருக்கு எந்த மாதத்தில் என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்லுவாள். அவள் போன பின் ஜோதிமேரி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அசைவு தெரிகிறதா என்று கிடப்பாள்.

ஆவணி பிறந்ததும் ஐந்து மீன்களில் இரண்டு மட்டும் ஜோடி சேர்ந்தன. மஞ்சள் மின்னியது, அடிவயிறு கரிபிடித்தது போலக் கறுத்தது. மற்ற மூன்றையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, உள்ளே கிடந்த ஓட்டுச் சில்லை இரண்டும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. ஒரு காலையில் பார்த்தால் அந்தச் சில்லில் கடுகுபோல முட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நூலில் தொங்கியது. ஒன்று துடுப்பால் விசிறிக்கொண்டே நிற்கும், மற்றது காவல் சுற்றும். சிறிது நேரத்தில் ஆள் மாறிக்கொள்ளும். ஜோதிமேரி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மிக்கேலம்மாள் முதல் தடவையாகப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "ஆம்பளையும்ல விசுறுது" என்றாள்.

செய்தி ஊருக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். அன்று மத்தியானம் சில்லில் ஒரு முட்டைகூட இல்லை. இரண்டும் சேர்ந்து தின்றுவிட்டிருந்தன.

முதலில் கவனித்தது பஞ்சம்மாள்தான். "அய்யய்யோ, தன் முட்டையைத் தானே தின்னுருச்சே. பிள்ளைத்தாச்சி இருக்குற வீட்டுல இது ஆகுமா?" என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஜோதிமேரியின் சேலையில் இரத்தம் பட்டது. கொஞ்சம்தான், ஒரு காசு அகலம். ஆனால் இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. அவள் அழவில்லை. அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். கில்பர்ட் சோணையம்மாளைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். அவள் வயிற்றில் கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் இருந்தாள். பிள்ளை இருக்கிறது, உதைக்கிறது, பதறாதீர்கள் என்றாள். கால்மாட்டுக்கு இன்னும் ஒரு கல் கேட்டாள்.

மிக்கேலம்மாள் மருமகனைத் தனியே அழைத்து, விடிந்ததும் அந்த மீனைக் கழியில் கொண்டுபோய் விட்டுவிடும்படி சொன்னாள். அவனும் சரி என்று பானையை எடுத்துவைத்தான்.

ஜோதிமேரி அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். காலையில் அவன் பானையோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் பேசினாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்த பேச்சு.

"அதைத் தொடாதீக. அது கெட்ட எண்ணத்துல திங்கல. நான் மூணு நாளும் இங்கனயேதான கெடந்து பாத்தேன். யாரும் வராத நேரத்துல நல்லா விசுறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்ணாடியைத் தட்டத் தட்ட முட்டையை விட்டுட்டு ஓடும், திரும்பி வரும், மறுபடியும் தட்டுவாக. பூசை விட்டு அம்புட்டுப் பேரும் வந்து மூஞ்சியைக் கொண்டாந்து ஒட்டுனாகள்ல, அப்பத்தான் தின்னுச்சு. அம்புட்டுக் கண்ணுக்கு நடுவுல பிள்ளையை எப்படி வச்சுக்கிரும்?"

கில்பர்ட் பானையைக் கீழே வைத்தான்.

"என் பழைய நீலச் சீலையை எடுத்து மூணு பக்கமும் சுத்திக் கட்டுங்க. என் பக்கம் மட்டும் தெறந்து இருக்கட்டும், நான் தட்ட மாட்டேன்." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "எனக்கும் ஒரு சீலை கட்டும்மா. வாசல்ல. அவுக பேச்சை என்னால இனிமே கேக்க முடியாது."

 மிக்கேலம்மாள் தன் கல்யாணச் சேலையைத் துணிப்பெட்டியிலிருந்து எடுத்து வாசல் நிலையில் கட்டினாள். கட்டிவிட்டு வெளியே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்று முதல் அவளுக்குப் பொய் சொல்வதே வேலையாகிப்போனது. வந்தவளை முகத்துக்கு நேரே போ என்று சொல்ல வாய் வராது. அதனால் ஒருத்தியிடம் மகள் தூங்குகிறாள் என்றாள். இன்னொருத்தியிடம், வேளாங்கண்ணி மாதாவுக்குப் பேசா நேர்ச்சை என்றாள். மூன்றாம் ஆளுக்குத் தலைவலி. பஞ்சம்மாள் எதற்கும் அசையவில்லை. சேலையை விலக்கவே கை நீட்டிவிட்டாள். மிக்கேலம்மாளுக்கு வாயில் வந்தது: "உள்ள போகாத பஞ்சம்மா, அம்மை போட்டிருக்கு."

பஞ்சம்மாள் அப்படியே பின்வாங்கினாள். ஆப்பக்கடையில் காலை வியாபாரம் முடிவதற்குள் செய்தி மண்டபம் ஸ்டேஷனை எட்டிவிட்டது.

மூன்றாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் சதக் சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கிச் சட்டை, தோல் பை, பைக்குள் அம்மை குத்துகிற சாமான்கள். எட்டு மைல் எதிர்காற்றில் மிதித்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அம்மை கண்ட பெண் எங்கே என்று கேட்டார்.

"எறங்கிருச்சுங்க சார்" என்றாள் மிக்கேலம்மாள்.

"முந்தாநாள் போட்ட அம்மை இன்னைக்கு எப்படிம்மா எறங்கும்?"

 உள்ளேயிருந்து ஜோதிமேரி குரல் கொடுத்தாள்.

"உள்ள வாங்க சார். அம்மா சொன்னது பொய்யி. எனக்கு அம்மையெல்லாம் இல்ல. ரெண்டு பிள்ளை தங்காமப் போயிருச்சு, இது மூணாவது. வாரவுக எல்லாரும் போன பிள்ளையைப் பத்தியே பேசுறாக. அதைத் தடுக்கத்தான் அம்மா அப்படிச் சொல்லிருச்சு. தப்புத்தான்."

சதக் திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். அவளையும், தூக்கிவைத்த கட்டிலையும் பார்த்தார். பார்வை நீலச் சேலை சுற்றிய பெட்டிக்குப் போனது. அது என்ன என்று ஓர் அடி எடுத்துவைத்தார்.

"பக்கத்துல போகாதீக சார். நேத்துத்தான் மறுபடியும் முட்டை வச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, கட்டில் பக்கத்து இடைவெளி வழியாகப் பார்த்தார். விசிறுகிறது எது, காவல் எது என்று மெல்லிய குரலில் கேட்டார். அவளும் மெல்லிய குரலில் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மிக்கேலம்மாளிடம் வந்தார்.

"சர்க்காரு ஆளை எட்டு மைல் வர வச்சிட்டு வெறுங்கையோட அனுப்பக் கூடாது. கையை நீட்டுங்க" என்று அவளுடைய புஜத்தில் அம்மை குத்திவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, 'இவ்வீட்டில் பிரசவம் முடியும்வரை வெளியார் பிரவேசிக்கலாகாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஊதா மையில் முத்திரையும் குத்தி, நிலைக்கதவில் ஆணியால் அடித்தார். ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. முத்திரையைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

ஐந்தாம் நாள் முட்டைகள் பொரித்தன. வால் மட்டும் துடிக்கிற தூசிகளாகச் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றைத் தாயும் தகப்பனும் வாயில் அள்ளி, மணலில் தோண்டிய குழியில் கொண்டுபோய் விட்டன. இன்னும் சில நாளில் அவை நீந்த ஆரம்பித்தன. அப்போதுதான் ஜோதிமேரி அதைப் பார்த்தாள். குஞ்சுகள் கூட்டமாகப் போய்ப் பெரிய மீன்களின் விலாவில் கொத்தின. கொத்தக் கொத்த அவை ஓடாமல் அசையாமல் நின்று கொடுத்தன. உடம்பில் ஊறுகிற வழுவழுப்பைத்தான் பிள்ளைகள் தின்றன.

வேலை முடிந்து வந்த கில்பர்ட்டிடம் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பத்து வருஷமாகச் சாம்பலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த வழுவழுப்பைத்தான் கழுவி எறிந்துகொண்டிருக்கிறேன், அது எதற்கு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றான்.

ஏழாம் மாதம் போனது. எட்டும் போனது. பஞ்சம்மாள் வாசலைத் தாண்டவில்லை. கோபம் இல்லை, முத்திரைப் பயம். ஆனால் விடிந்ததும் ஆப்பத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, தட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். ஒரு நாளும் தவறவில்லை. குஞ்சுகள் நாற்பதுக்கு மேல் தேறி விரல்நகம் அளவுக்கு வளர்ந்தன. பெட்டி போதவில்லை.

கார்த்திகையில் மூன்று நாளாக மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதிக் குஞ்சுகளைக் கழியில் விட்டுவிட்டு, வரும்போது புதுத்தண்ணீர் கொண்டுவரலாம் என்று கில்பர்ட் மண்ணெண்ணெய்த் தகரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். அவன் போய் அரைமணிகூட ஆகவில்லை, ஜோதிமேரிக்கு வலி கண்டது. மாதம் நிறைந்த வலி. சோணையம்மாளைக் கூப்பிடப் போக வேண்டும், மகளைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. மிக்கேலம்மாள் வேலிக்கு ஓடிப் பஞ்சம்மாளை அழைத்தாள்.

பஞ்சம்மாள் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். வாசலில் சடக்கென்று நின்றுவிட்டாள்.

"முத்திரை இருக்கே மிக்கேலு. நான் உள்ள வந்து, என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போனா கடையை யாரு பாக்குறது?"

மிக்கேலம்மாள் தாளை ஆணியோடு பிய்த்துக் கசக்கி மழையில் எறிந்தாள். "இப்ப வா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினாள்.

பஞ்சம்மாள் உள்ளே வந்தாள். ஜோதிமேரிக்கு வலியைவிட அவள் வாய்தான் பயமாக இருந்தது. ஆனால் பஞ்சம்மாள் யாருடைய ஆறாம் மாதத்தையும் ஏழாம் மாதத்தையும் எடுக்கவில்லை. முதுகை நீவிவிட்டுக்கொண்டே, மழைக்கு ஆப்பமாவு புளிக்க மாட்டேன் என்கிறது, கள்ளை ஊற்றினாலும் எழும்ப மாட்டேன் என்கிறது, நேற்றுச் சுட்டதெல்லாம் அப்பளம் போல ஆகிவிட்டது என்று மாவைப் பற்றியே பேசினாள். ஒவ்வொரு வலிக்கும் தன் கையை நசுக்கக் கொடுத்தாள். சோணையம்மாள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

விளக்கு வைப்பதற்கு முன்னால் பிள்ளை பிறந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை. ஜோதிமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கூரையில் மழை மட்டும்தான் கேட்டது. பிறகு, யாரோ உரிமையாக எதையோ கேட்டு அதட்டுவது போல, அந்த அழுகை வந்தது. மிக்கேலம்மாள் தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாசலில் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பஞ்சம்மாள் எழுந்துபோய் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கனயே நில்லுங்க தம்பி."

"என் வீடுதான் அக்கா இது" என்றான் கில்பர்ட். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"இருக்கட்டும். ஈரச் சட்டையோட பிள்ளைகிட்ட வரக் கூடாது. தகரத்தை ஓரமா வைங்க, சத்தம் வராம. இந்தாங்க துண்டு."

பிள்ளை என்ற சொல் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "பிள்ளையா... நல்லா இருக்கா, அக்கா? மேரி?"

"மெதுவாப் பேசுங்க. ரெண்டும் நல்லா இருக்கு. பொம்பளப் பிள்ளை. மூக்கு உங்களதுதான், என்ன செய்ய. கடவுள் மத்ததையெல்லாம் நல்லாக் கொடுத்திருக்காரு. தலையை நல்லாத் தொவட்டுங்க, காதுக்குப் பின்னாடி."

தெருவில் யாரோ இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவர்களையும் பஞ்சம்மாள் விடவில்லை. பிள்ளை மிரளும், பதினாறு நாள் கழித்து வாருங்கள், வந்தாலும் பழைய கதையெல்லாம் பேசக் கூடாது என்று சட்டம் போடுகிற குரல் உள்ளே கேட்டது.

ஜோதிமேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காதே, வயிறு இழுக்கும் என்று சோணையம்மாள் அதட்டினாள். அதற்கும் சிரிப்பு வந்தது. வாசலில் கில்பர்ட் சட்டையைக் கழற்றிப் பிழிகிற சத்தமும், இன்னும் துவட்டுங்க என்று பஞ்சம்மாள் சொல்வதும் கேட்டன. ஜோதிமேரி பக்கத்தில் கிடந்த துணிச்சுருளை மெல்லத் தொட்டு, வாசல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவைத்தாள், அவன் உள்ளே வந்ததும் முதலில் முகம் தெரியட்டும் என்று.